அட்டைப்படம்

ரகுபதி ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். கம்பெனி காலண்டருக்குப் படம் பொறுக்கும் வேலையும் அவர் தலையில்தான். பி.எஃப். பணத்தை வழித்தெடுத்து, கோடையில் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கிவிட்டார். தையில் அஸ்திவாரம் என்று கேன்டீன் முழுக்கச் சொல்லியாயிற்று.

லீவு கிடைத்தால் ஏரி ஏரியாகப் போய்ப் படமெடுக்கும் மாரிசெல்வம், டீ நேரத்தில் போனை நீட்டினான்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க."

"எந்த ஏரிபா?"

"பாருங்களேன்."

"போன வாரம் நீ காட்டுனது பூரா வெறும் வானம். இது தேவலாம். மேகம் தண்ணியில சோக்கா வுழுந்துகீது. நடுவுல இன்னாபா, மஞ்சளா துருத்திகினு?"

"கல்லு, அண்ணாச்சி."

"கண்ணை உறுத்துது. அத்த அழிச்சிட்டுக் குடு, அட்டையிலயே போட்டுடலாம்."

மாரிசெல்வம் தலையைச் சொறிந்தான். "காலண்டருக்குக் கொண்டாரல, அண்ணாச்சி. நேத்து மழை விட்டதும் வடக்குப்பட்டுப் பக்கம் போனேன். கல்லுல நம்பர் இருக்கு, பெருசாக்கிப் பாருங்க."

ரகுபதி படத்தை விரலால் விரித்தார். மஞ்சள் பெயின்ட் மேல் கறுப்பில் பதினேழு. அவருடைய பத்திரத்திலும் மனை எண் பதினேழுதான்.

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கல்லை அழிச்சிடாதப்பா. மனையில அது ஒண்ணுதான் வெளிய தெரியுது."