கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

"எண்ணினது யாரு?" என்று கேட்டார் சடகோபன்.

"நான்தான் சார்."

"பட்டியல்ல முதல்ல நிக்கிற கட்டுரை யாரோடது?"

"கோதண்டபாணியோடது."

"அவர் உனக்கு யாரு?"

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "என் வீட்டுக்காரர் சார்."

வாசலில் நின்ற பியூன் எல்லப்பன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

திருத்தணிக்கு வெளியே இருந்த அந்த வேர்க்கடலை ஆராய்ச்சி நிலையத்துக்கு சடகோபன் தலைவர். தமயந்தி நூலகர். டெல்லியிலிருந்து கடிதம் வந்திருந்தது. நிலையத்தின் பழைய கட்டுரைகளில் எது புதுப்பாதை போட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும்; அதை எழுதியவருக்குத் தனி ஆய்வுக்கூடம் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டுரை எழுதுகிறவர்கள் எந்தெந்த ஆராய்ச்சியைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று கடைசிப் பக்கத்தில் பட்டியல் போடுவார்கள். பத்து வருஷத்து இதழ்களின் கடைசிப் பக்கங்களைத் தமயந்தி புரட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுதினாள். ஜப்பான், பிரேசில், செனகல் என்று முப்பத்தெட்டுக் கட்டுரைகளில் கோதண்டபாணியின் பெயர் இருந்தது.

அவன் எழுதிய அந்த ஒரே கட்டுரைக்காகத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும், "கனவுல கண்டதை எழுதினியா?" என்று சடகோபன் சிரித்தார். கோதண்டபாணி மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தான். இப்போது பள்ளிப்பட்டில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார்.

"முப்பத்தெட்டு இதழையும் மேஜைக்குக் கொண்டு வா. நானே பார்க்கணும்" என்றார் சடகோபன்.

சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். ஒவ்வோர் இதழாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அட்டையோடு ஒத்துப் பார்த்து, ஒரு கோடு போட்டார். சாப்பாட்டு வேளை தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

எல்லப்பன் காபி கொண்டுவந்து வைத்தான். "காலைலேர்ந்து ரெண்டு பேரும் கடைசிப் பக்கத்தையே பாத்துகினு கீறீங்க. மொதப் பக்கம்லாம் யாருதான்மா படிக்கிறது?" என்றான் தமயந்தியிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவரு அடிச்சுத் தள்ளாம உடமாட்டாரு. மலை மேல கீறவன்மேல பாரத்தப் போடுங்க" என்றான்.

நாலு மணிக்கு சடகோபன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உன் எண்ணிக்கை தப்பும்மா."

கோதண்டபாணி ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வரும் ஒரே வழி அந்த எண்ணிக்கைதான்.

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று இதழ்களோடு திரும்பி வந்து மேஜைமேல் போட்டார்.

"இது மூணும் நூலகத்துக்கு வந்ததில்ல. இதையும் சேத்துக்கோ. நாப்பத்தொண்ணு."

தமயந்தி அந்த மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டி எண்ணினதுன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான். அதான் உட்கார்ந்து பார்த்தேன். சரிபார்த்தது நான்னு எழுது, கையெழுத்துப் போடறேன். தபால் இன்னிக்கே போயிடணும்." கதவருகில் நின்றார். "சாயங்காலம் பள்ளிப்பட்டு பஸ்ஸுலேர்ந்து அவன் இறங்கினதும் சொல்லு. அவன் மைக்ராஸ்கோப்பைத் தொடச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்."

அவர் போன பிறகு, அட்டை எழுதுவதற்காகத் தமயந்தி அந்த மூன்றில் ஒன்றைத் திறந்தாள். பெயர்ப் பட்டியலுக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு வரி. எப்போதும் அவள் கண் தாண்டிப் போகிற இடம் அது.

'இருநூறே பிரதி அச்சான ஓர் இதழிலிருந்து கோதண்டபாணியின் கட்டுரையைக் கையால் எழுதிப் படியெடுத்து, அதே சோதனையைத் தானும் செய்து பார்த்துச் சரியென்று குறித்து எங்களுக்கு அனுப்பிய திரு. சடகோபனுக்கு நன்றி.'

மேஜையில் கிடந்த முப்பத்தெட்டையும் மறுபடி திறந்தாள். இருபத்தொன்பதில் அந்த நன்றி இருந்தது.

அவற்றில் மிகப் பழையது, கோதண்டபாணி வேலையை விட்ட மறு வருஷத்தது.