உழைக்கும் திறன்

துறைமுகத்தில் துருப்பிடித்த ஏணி முறிந்து விழுந்த மிக்கேலுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. ஆனாலும் கட்டிலில் படுத்தபடியே வேலை பார்த்தான். நெற்றியில் கட்டிய பட்டை அவன் நினைப்பதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும். அங்கே இரண்டு கிரேன்கள் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும்.

இழப்பீடு கேட்டு அவன் போட்ட மனுவை விசாரிக்க, தொழிலாளர் துறை அதிகாரி வீட்டுக்கே வந்திருந்தார். கம்பெனி வக்கீலும் உடன் வந்திருந்தார்.

"விபத்துக்கு முன்னாடி ஒரு கிரேன் ஓட்டுனார். இப்ப ரெண்டு. உழைக்கும் திறன் எங்க சார் குறைஞ்சிருக்கு?" என்றார் வக்கீல்.

மிக்கேலின் கண்ணோரத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மனைவி ரோஸ்லின் விரட்டப் போனாள்.

"விரட்டாத. சார் பாக்கட்டும்," என்றான் மிக்கேல்.

இமை துடித்தது. ஈ கன்னத்தில் இறங்கி உதட்டின் மேல் நடந்தது. கடைசியில் அதிகாரியே எழுந்து வந்து அதை ஓட்டினார்.

"முழு ஊனம்னு எழுதுறேன்."

"அப்ப இனிமே வேலை கிடையாது. பட்டைய இப்பவே ஒப்படைக்கணும்," என்றார் வக்கீல்.

ரோஸ்லின் மிக்கேலின் நெற்றிப் பட்டையைப் பார்த்தாள். அவனால் அசைக்க முடிந்தவை அந்த இரண்டு கிரேன்கள்தான்.

"யோசிச்சுச் சொல்லுங்க மிக்கேல்," என்றார் அதிகாரி.

அவன் கண்கள் கூரையிலிருந்து அதிகாரியிடம் திரும்பின.

"எனக்கு ஒண்ணுமே ஆகலன்னு ஆயிரக் கூடாது சார். எழுதுங்க."

ரோஸ்லின் பட்டையைக் கழற்றினாள். துறைமுகத்தில் இரண்டு கிரேன்களும் பெட்டிகளோடு அந்தரத்தில் நின்றன.