எண்ணெய் கலங்கிய நேரம்

வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குப்பி நின்றது. அதிலிருந்த எண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள். சோப்பு மாதிரி ஒரு பொருள் அவற்றை ஒன்றுசேர விடாமல் பிடித்து வைத்திருந்தது. சூடு ஏற ஏற அந்தப் பிடி விட்டுப்போய், தெளிந்த எண்ணெய் கலங்கிவிடும்.

எந்த டிகிரியில் கலங்குகிறது என்று பார்த்துச் சொல்வது அந்தச் சோதனைக்கூடத்தில் அவர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்துச் சொல்லிக் குறித்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை.

போன மாதம் இரண்டு முறை தவறாகச் சொல்லிவிட்டார். அதனால் இன்று மேலாளரே எதிரில் நின்றார்.

"இன்னிக்கும் தப்பாச் சொன்னா வேற ஆளைப் போட்டுடுவேன் சார்."

"நாற்பதுங்க," என்றாள் மனைவி.

"தெளிவா இருக்கு."

"நாற்பத்தொண்ணு."

ஒரு நொடி. "கலங்கிடுச்சு."

மேலாளர் குனிந்து பார்த்தார். குப்பி பாலாய் வெளுத்திருந்தது. "கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு."

"பொண்ணு பார்க்க வந்தப்பதான் கோட்டை விட்டுட்டார்," என்றாள் மனைவி.

மேலாளர் சிரித்துக்கொண்டே போனார்.

மேசைக்கடியில் கணவரின் பாதத்தை அழுத்தியிருந்த தன் காலை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மங்கலாக்கூடத் தெரியலையாங்க?"

"இல்லம்மா." குப்பி இல்லாத பக்கம் பார்த்தபடி அவர் கேட்டார். "கலங்கும்போது எப்படி இருந்துச்சு, சொல்லேன்."