அடுத்த வருஷம் என்ன செட்?

“இந்த வயசுல இதெல்லாம் தேவையாண்ணே உங்களுக்கு?”

கவுன்ட்டர் பெண் கேட்டதில் தப்பே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மனுஷன். அறுபதை நெருங்கியாச்சு. கைவேலை ஓய்ந்த நேரமெல்லாம் போனும் கையுமாகவே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அப்படி என்னதான் பார்க்கிறார் என்கிறீர்களா? பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு, கப்பல், கோட்டை என்று கட்டுவார்களே, அந்த விளையாட்டுச் சாமானில் அடுத்த வருஷம் என்னென்ன செட் வரும் என்று வளர்ந்த ஆட்கள் புனைபெயரில் ஊகம் பேசுகிற குரூப்!

அதில் அவரைச் சேர்த்துவிட்டதே இவள்தான். இவள்தான் அதற்கு அட்மின். “என்னையும் அதுல போடும்மா” என்று அவராக வந்து கேட்டார். மனைவி போன பிறகு தனியாகக் கிடக்கிற மனுஷன், பொழுது போகட்டும் என்று சேர்த்தாள். வந்த நாளிலிருந்து மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

குரூப்பில் நிலாத் தளம் வருமா, கொள்ளைக்காரர் கப்பல் திரும்ப வருமா, கார்ட்டூன் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் நீளுமா என்று ஆளாளுக்கு மண்டையைக் குழப்பிக்கொண்டிருப்பார்கள். நடுவில் அண்ணன் ஒன்று போடுவார்.

“அடுத்த வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை செட் வருது. பக்கா தகவல்.”

மற்றவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். ‘மஞ்சமண்டை’ என்கிற பெயரில் ஒருத்தன் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு வருவான்.

“யோவ், யாருய்யா நீ? கண்ணாடிக் கடையை வாங்கி எவன்யா அலமாரில வைப்பான்?”

மறுநாள் அண்ணன் மறுபடியும் ஆரம்பிப்பார்.

“டிவி சீரியலோட உரிமையை வாங்கிட்டாங்களாம். மாமியார் வீடு செட் வரப்போகுது. அழற பொம்மை தனியா வருமாம்.”

அவ்வளவுதான். மஞ்சமண்டை வறுத்தெடுத்துவிட்டான். உரிமை வாங்குவது என்றால் என்ன, எந்த மாதிரிப் படத்தைத் தேடிப் போவார்கள், ஒரு செட் கடைக்கு வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று விலாவாரியாக எழுதி, கடைசியில், “எழுதறதைப் பார்த்தாலே பெருசுன்னு தெரியுது. வீட்ல மூடிக்கிட்டு கிட” என்று முடித்திருந்தான்.

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனோ அதை மறுபடி மறுபடி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு ரோஷமே கிடையாதாண்ணே?”

“விடும்மா. எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கான் பாரு!”

“நிலாத் தளம் வரும்னு எங்கிட்ட காரணத்தோட அழகாச் சொன்னீங்கல்ல? அதை அங்க எழுதுங்களேன். எதுக்கு இப்படி உளறி வாங்கிக் கட்டிக்கிறீங்க?”

“அதையும் எழுதிப் பார்த்துட்டேம்மா” என்றவர், ஃப்ரேமைத் திருப்பி வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பல் டாக்டர் நாற்காலி செட் வரும் என்று அண்ணன் எழுதிய அன்றைக்கு, மஞ்சமண்டை எல்லை மீறிவிட்டான். “உன்னைப் பெத்தவங்க பாவம், உன்னைக் கட்டினவ அதைவிடப் பாவம்” என்று எழுதிவிட்டான்.

போய்ச் சேர்ந்த மகராசியை இழுத்தால் இவளால் பொறுக்க முடியுமா? மறுநாள் காலையில் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்னறைக்கு வந்தாள்.

“அண்ணே, இனிமே நீங்க நிம்மதியா இருங்க. அந்த மஞ்சமண்டையைக் குரூப்பை விட்டே தூக்கிட்டேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேளுன்னேன். ‘அந்தப் பெருசுகிட்டயா?’ன்னான் திமிரா. விடுவேனா நான்?”

அண்ணன் கையிலிருந்த லென்ஸ் நழுவிச் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“திரும்பச் சேர்த்துடும்மா.”

“என்னண்ணே நீங்க... அவன் பேசின பேச்சுக்கு...”

“பேசிட்டுப் போகட்டும்மா. சேர்த்துடு. உன் கால்ல வேணா விழறேன்.”

இவள் உடனே போனை எடுத்தாள். அங்கேயே நின்றபடி மஞ்சமண்டைக்கு அழைப்பு அனுப்பினாள். ‘தப்பா நெனச்சுக்காதீங்க, திரும்ப வந்துடுங்க’ என்று கெஞ்சி ஒரு வரியும் சேர்த்து எழுதினாள்.

பதில் உடனே வந்தது. ‘உங்க சங்காத்தமே வேணாம். ஆளை விடுங்க.’

மறுபடி எழுதினாள். போகவில்லை. இன்னொரு தடவை முயன்றாள்.

“பிளாக் பண்ணிட்டாண்ணே” என்றாள். “நல்லதுன்னு நெனச்சுத்தாண்ணே செஞ்சேன். அப்படி யாருண்ணே அவன் உங்களுக்கு?”

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். லென்ஸ் துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தை தடிச்சுப்போய் வீட்டை விட்டுப் போனவன்மா. போன் போட்டா எடுக்கறதில்ல. வாசல்ல போய் நின்னாலும் கதவைத் திறக்கறதில்ல. இந்தக் குரூப்ல இந்தப் பேர்ல இருக்கான்னு என் மூத்த பொண்ணுதான் சொன்னா. நான் சரியா எதையாவது எழுதினா கண்டுக்காமப் போயிடுவான். உளறினாத்தான் ஓடி வந்து திட்டுவான். அப்பான்னு தெரியாமலே தினமும் எங்கிட்ட பேசிக்கிட்டிருந்தான்மா, என் பையன்.”