பச்சை நூல் கோத்த ஊசி

மனச்சிதைவுக்கான மாத்திரை கூடினால் தையல்காரருக்குக் கை நடுங்கும். குறைந்தால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தொழிலையும் நிம்மதியையும் ஒருசேரக் காப்பாற்றும் அளவை அவரும் டாக்டரும் மூன்று மாதமாகத் தேடுகிறார்கள். தினமும் காலையில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்து, எத்தனை முறை தவறியது என்று டாக்டருக்காக நோட்டில் எழுதுவார். மந்திரிசபையில்கூட அவ்வளவு நேர்மையான அறிக்கை வந்ததில்லை.

அளவு குறைத்த நான்காம் நாள் கடையைத் திறந்தால், ஊசியில் ஏற்கெனவே பச்சை நூல் கோத்திருந்தது. கடையில் பச்சை நூலே கிடையாது. அவர் பதறவில்லை. சந்தேகம் வந்தால், கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவைக் கேட்டுவிடுவார்.

"அக்கா, இது உனக்கும் தெரியுதா?"

"தெரியுதுடா, பச்சை." அக்கா நூலைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். அது மேசையைத் தாண்டி, பூட்டிக் கிடந்த பின்கதவுக்கு அடியில் போனது. "தம்பி, உன் மாத்திரையில பாதி எனக்குக் கொடேன்."

"டாக்டர் சீட்டு இல்லாம கால்வாசிகூடத் தரமாட்டேன்."

தன் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் விழுங்கினார். நடந்ததை நடந்தபடி எழுதினார். பிறகு ஒரு காலி பாபினை எடுத்து நூலைச் சுற்ற ஆரம்பித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ, சிக்கல் விழாமல், விட்டுக்கொண்டே இருந்தார்கள்.