பிரீமியத்துக்கு ஒரு மாப்பிள்ளை

“மாப்பிள்ள, வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு உக்காருங்க. ஆபீசர் வர்ற நேரம்.”

சோமசேகரனுக்கு அந்த ‘ங்க’ மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியே வந்தது. ஆறு வருஷமாகச் செல்லையனை ‘டேய்’ என்பதற்கு மேல் அவர் கூப்பிட்டதில்லை. அவனோ பட்டுக்கரை வேட்டியில் ஜம்மென்று அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் இந்த இன்ஷூரன்ஸ் படுத்திய பாடு. காரைக்காலில் ஒரு மில்லின் தோட்டத்தைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட் சோமசேகரனுடையது. வேலையாட்களுக்கு விபத்து இன்ஷூரன்ஸ் எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் காண்ட்ராக்ட் கிடையாது என்று மில்லில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். களை பறிக்கிற, தண்ணீர் ஊற்றுகிற பெண்களுக்குப் பிரீமியம் கொஞ்சம்தான். மரம் ஏறுகிறவன் ஒருத்தன் பட்டியலில் இருந்தால் போதும், பிரீமியமும் அவன் பின்னாலேயே மரம் ஏறிவிடும்.

அந்த ஒருத்தன்தான் செல்லையன். மில் வளாகத்தில் இருந்த தொண்ணூறு தென்னைக்கும் அவன்தான் மட்டை கழித்தாக வேண்டும். ஆளுக்கு இடுப்பு பெல்ட்டும் நல்ல கயிறும் வாங்கிக் கொடுத்தால் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று கம்பெனியே எழுதியிருந்தது. சோமசேகரன் பெல்ட் விலையை விசாரித்துவிட்டு, அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் விண்ணப்பப் பாரத்தை நாலு தடவை புரட்டியதில், கூடவே குடியிருக்கும் குடும்பத்தாரைத் தொழிலாளியாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று பின்பக்கம் ஒரு வரி அகப்பட்டது. பெல்ட்டைவிட மாப்பிள்ளை மலிவு என்று முடிவு செய்தார்.

அவருக்கு ஒரே மகள், மங்கையர்க்கரசி. மகன் கிடையாது என்று கம்பெனிக்கு முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதனால் செல்லையன், ஒரு காலை வேளைக்கு மட்டும், வீட்டோடு மாப்பிள்ளை. மனைவி திருமலைராயன்பட்டினத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் ஆபீசர் வருவதற்கு முன்பே விளக்குமாறு வந்திருக்கும்.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். அவள் மறுபேச்சுப் பேசாமல் தலையை ஆட்டினாள். கழுத்துக்கு என்ன செய்வது என்று அவர் இழுத்தபோது, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உள்ளே போய்ச் சேலை மாற்றி, மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள். கயிறுகூட நேற்று வாங்கியது போலத் தெரியாமல் கொஞ்சம் வெளுத்திருந்தது. என்ன நுணுக்கம், என்ன அக்கறை என்று சோமசேகரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசர் சுவாமிநாதன் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். காபியைக் குடித்துவிட்டு, செல்லையனின் காய்ப்பேறிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மரம் ஏறுவாரோ என்று கேட்டார். சும்மா ஆசைக்கு ஏறுவார் என்றார் சோமசேகரன்.

“ஏறுறப்ப விழுந்துட்டா?”

“எங்க வீட்டுப் புள்ள சார். நாங்களே வச்சிப் பாத்துக்குவோம். அதுக்குப் போயி கம்பெனிக்கு எதுக்கு சார் தொந்தரவு?”

ஆபீசர் சிரிக்கவில்லை. கல்யாணம் எங்கே நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று நோண்ட ஆரம்பித்தார். சோமசேகரன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இருநூறு இலை, பந்திக்கு இரண்டு பாயசம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில் செல்லையனுக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

“அதெல்லாம் சரிங்க. ஒங்க ஊர்ல கல்யாணத்த மேரியில பதிவு பண்ணணுமாமே. அந்தச் சர்ட்டிபிகேட்டக் காட்டுங்க.”

பிரெஞ்சுக்காரன் போய் முப்பது வருஷம் ஆகியும் காரைக்காலை ஒட்டிய கோட்டுச்சேரிக்காரர்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் இன்னும் மேரிதான். கும்பகோணத்துக்காரருக்கு இது எப்படித் தெரிந்தது என்று சோமசேகரன் மனசுக்குள் வைதார். பொய் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் போகும், இன்ஷூரன்ஸ் போனால் மில் போகும், மில் போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

சர்ட்டிபிகேட் பெட்டியில்தான் இருக்கிறது என்று சொல்லி மங்கையர்க்கரசி எழுந்து போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து ஆபீசரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், நம்பரைக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. செல்லையன் தன் மகளின் கணவன், தன் வீட்டிலேயே குடியிருப்பவன், அவனுக்கு எது நேர்ந்தாலும் தானே பொறுப்பு என்று சோமசேகரன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரீமியம் பாதிக்கும் கீழே இறங்கியது. வருஷா வருஷம் வந்து பார்ப்பேன், மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டு ஆபீசர் பஸ்ஸுக்குப் போனார்.

தெருமுனை திரும்பும்வரை கைகூப்பி நின்ற சோமசேகரன், உள்ளே வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். செல்லையனைப் பார்த்து, நடித்தது போதும், வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு மில்லுக்குக் கிளம்பு என்றார். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அவரும் இல்லை. மகளிடமிருந்து காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஆபீசரே அசந்துட்டாரு. இம்புட்டு அச்சு அசலா எங்கேம்மா அடிச்ச?”

“மேரியிலதாம்ப்பா, போன வைகாசியில.”