பக்க விளைவு

இசக்கிக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தன. அறுபதாவது மாடியில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்துவிட்டு வந்திருந்தாள். வலிதான் இருந்தது, பயம் துளியும் இல்லை. கம்பெனி கொடுக்கும் மாத்திரை அப்படி.

வீட்டுக்குள் மின்விசிறி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. பிள்ளைகள் தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் சுடலைமுத்து கட்டிலுக்கடியில் கிடந்தான்.

"ஏங்க, இன்னைக்கும் இதே கூத்தா?"

"ஏட்டி, மாத்திரை அட்டையில பக்க விளைவுன்னு போட்டிருக்கே, அது பக்கத்துல படுக்கிறவனுக்காம்! டாக்டர் இன்னைக்குத்தான் சொல்லுதாரு. நீ அங்க தொங்குத, உன் பயம் பூரா இங்க எனக்கு வந்து சேருது."

இசக்கி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரி, சிரி. ஞாயித்துக்கிழமை எனக்குப் பல்லு புடுங்கணும். அன்னைக்கு மாத்திரைய நான் போடுதேன், பயத்த நீ படு."

"ஒரு பல்லுதானே, பட்டுட்டாப் போச்சு."

ஞாயிறன்றும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் அந்தக் கயிற்றில் வேறொருத்தி ஏறிவிடுவாள். மாத்திரையை இசக்கியே விழுங்கிவிட்டுப் போனாள். சுடலைமுத்து இரண்டு பேர் பயத்தையும் சுமந்துகொண்டு தனியாகப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

அவனுக்காக அவள் பட வேண்டிய பயம் இன்னும் பாக்கி.